உள்ளூரா, ஐயரா? ஆங்கில எழுத்தில் ஒரு கவிஞரின் பெயர்

பாலக்காட்டில் கல்பாத்தியை ஒட்டிய சாத்தபுரத்தில் என் பாட்டி வீட்டு உக்கிராண அறையில் ஒரு வெண்கல உருளி இருக்கிறது. அதன் விளிம்பில் உளியால் புள்ளி புள்ளியாக மூன்று தமிழ் எழுத்துகள் வெட்டியிருக்கின்றன. முதல் எழுத்து கிராமம், இரண்டாவது தகப்பனார் பெயர், மூன்றாவது சொந்தப் பெயர். கல்யாணத்துக்கு இரவல் போன பாத்திரம் வீடு திரும்ப அந்த மூன்று எழுத்தும் போதுமாயிருந்தன. நான்கு கிராமத்துப் பாத்திரங்களும் ஒரே கோட்டையடுப்பில் ஏறிய நாளிலும் உருளி வழி தவறியதில்லை. அந்த மூன்று எழுத்தில் ‘ஐயர்’ இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேசிய ஆய்வாளர் ஒருவர் “ஐயரின் காவியம்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த ஐயர், எந்தக் காவியம் என்று எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்த கல்பாத்திப் பெரியவருக்கும் பிடிபடவில்லை. ‘உமாகேரளம்’ என்ற நூற்பெயர் வந்த பிறகுதான், உள்ளூரைப் பற்றிய பேச்சு இது என்று இருவருக்கும் விளங்கியது. கேரளத்தில் எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு கவிஞர், ஆங்கில மரபுப்படி கடைசிச் சொல்லால் அழைக்கப்பட்டதும் அடையாளம் இழந்துவிட்டார்.

இக்கட்டுரையின் கேள்வி அங்கிருந்து வருகிறது. உள்ளூர் எஸ். பரமேசுவர ஐயர் என்ற பெயரில், ஆங்கிலம் கேட்கும் ‘சர்நேம்’ எது? அதை ஆங்கில எழுத்தில் எழுதும்போதும் படிக்கும்போதும் என்ன ஆகிறது?

ஒரு கவிஞர், நான்கு சொற்கள்

உள்ளூர் 1877 ஜூன் 6 அன்று சங்ஙனாச்சேரிக்கு அருகே பெருன்னையில் பிறந்தார். தந்தை வழி ஊர் திருவனந்தபுரத்தை அடுத்த உள்ளூர். இன்று அது மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்தில், மாநகரத்துக்குள்ளேயே ஒரு சந்திப்பு. கவிஞர் வாழ்ந்ததோ அதே நகரின் ஜகதியில். பிறந்த ஊரும் அன்று, வாழ்ந்த ஊரும் அன்று. தந்தையிடமிருந்து வந்த ஊர்ப்பெயர் அது. ‘எஸ்’ என்பது தந்தை சுப்பிரமணிய ஐயரைக் குறிக்கும். தமிழிலும் மலையாளத்திலும் முதுகலை படித்து, திருவிதாங்கூர் அரசுப் பணியில் உயர்ந்து, 1949 ஜூன் 15 அன்று மறைந்தார். ஐந்து தொகுதிகளாக விரியும் ‘கேரள சாகித்ய சரித்திரம்’ அவர் காலத்துக்குப் பின்னரே முழுமையாக அச்சேறியது.

மலையாள இலக்கியத்தில் அவரை ஆசான், வள்ளத்தோள் ஆகியோரோடு சேர்த்து மும்மூர்த்தி என்பார்கள். இந்த மூன்று அழைபெயர்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். குமாரன் ஆசானின் (1873–1924) ‘ஆசான்’ கற்பிப்பவருக்குரிய பட்டம். வள்ளத்தோள் நாராயண மேனனின் (1878–1958) ‘வள்ளத்தோள்’ தறவாட்டுப் பெயர், அதாவது குடும்ப வீட்டின் பெயர். ‘உள்ளூர்’ ஊர்ப்பெயர். வள்ளத்தோளை ‘மேனன்’ என்று மலையாளிகள் எவரும் சுட்டுவதில்லை. உள்ளூரை ‘ஐயர்’ என்றும் சுட்டுவதில்லை. பெயர் வரிசையில் எது கடைசியில் நிற்கிறது என்பதை மலையாள வாசகர் பொருட்படுத்தவே இல்லை. ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் சொல் எதுவோ அதையே எடுத்துக்கொண்டார்கள்.

தமிழிலும் இதே வழக்குதான். பாரதி என்பது எட்டயபுரத்தில் கிடைத்த பட்டம். இராமலிங்கம் பிள்ளை ‘நாமக்கல் கவிஞர்’ ஆனார்.

‘ஐயர்’ குடும்பப் பெயரா?

ஐயர் என்பது பரம்பரையாக வருகிறது, தந்தைக்கும் மகனுக்கும் பொதுவாக இருக்கிறது, ஆகவே அதுவே குடும்பப் பெயர் என்ற கருத்துக்கு வலு இல்லாமல் இல்லை. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் பிழைக்கப் போன பாலக்காட்டுக்காரர்கள் பலர், அலுவலகப் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் இந்தச் சொல்லையே எழுதினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இன்று அது மெய்யாகவே குடும்பப் பெயர். அதை மறுக்க எனக்கு உரிமை இல்லை. உள்ளூரின் தலைமுறைக்கு அது அப்படி இருந்ததா என்பதுதான் கேள்வி.

முதல் சான்று எழுத்துமுறை. மலையாளத்தில் அவர் பெயரைப் ‘பரமேச்வரய்யர்’ என்று சேர்த்தே எழுதுகிறார்கள். தமிழிலும் பழைய முறை அதுதான்: சாமிநாதையர், வேங்கடசுப்பையர். புணர்ச்சியில் இரண்டறக் கலந்து ஒரே சொல்லாக நிற்கும் பின்னொட்டு அது. தனிப்பெயர் இல்லாமல் அது தனியே நடமாடியதில்லை. ஆங்கில அச்சு அதைப் பிரித்து, இடம் விட்டு, பெரிய எழுத்தில் தொடங்கித் தனிச் சொல்லாக நிறுத்தியது. அப்படிப் பிரித்ததும், மேலைநாட்டுப் பெயரில் குடும்பப் பெயர் நிற்கும் அதே கடைசி இடத்தில் அது போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது சான்று பொருள். ‘ஐயன்’ என்பதன் மரியாதைப் பன்மை ‘ஐயர்’. 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் தமிழர் வாயில் ‘போப்பையர்’ ஆனார். தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் கண்ட சீகன்பால்குவையும் ஐயர் என்றே தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொன்னார்கள். ஆங்கிலேயப் பாதிரியார் பெயரோடும் ஜெர்மானியப் பாதிரியார் பெயரோடும் ஒட்ட முடிந்த ஒரு சொல்லைக் குலவழிப் பெயர் என்று எப்படிக் கொள்வது?

மூன்றாவது சான்று ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே இருக்கிறது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் தம் பெயரின் ‘ஐயரை’ ஏ-ஐ-ஒய்-ஏ-ஆர் என்று எழுதினார். கோழிக்கோட்டுச் சாமூதிரிகளின் வரலாற்றை 1938-இல் வெளியிட்ட கே.வி. கிருஷ்ண ஐயர் ஏ-ஒய்-ஒய்-ஏ-ஆர் என்று எழுதினார். கொச்சியின் குலங்களையும் பழங்குடிகளையும் ஆராய்ந்த எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் ஐ-ஒய்-இ-ஆர் என்று எழுதினார். 1906-இல் திருவிதாங்கூர் மாநிலக் கையேட்டைத் தொகுத்த நாகமையா, ரகரமே இல்லாமல் ஏ-ஐ-ஒய்-ஏ என்று நிறுத்திக்கொண்டார். ஒரே சொல், நான்கு வடிவம். முதலிரண்டும் ஐகாரத்தை உரோமன் உயிரெழுத்தின் மதிப்பில் காட்டப் பார்க்கின்றன. மூன்றாவது, ஆங்கிலத்தில் ‘ஐ’ என்ற எழுத்தின் பெயரையே ஒலியாகக் கொள்கிறது. அகரவரிசையில் அடுக்கினால் இவர்கள் வெவ்வேறு இடங்களுக்குச் சிதறிப்போவார்கள். குடும்பத்தைச் சேர்த்துக் காட்ட வேண்டிய பெயர் இங்கே சிதறடிக்கிறது.

எதிர்ச்சான்று ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வரகனேரி வேங்கடேச சுப்பிரமணியத்தை (1881–1925) நாம் ‘வ.வே.சு. ஐயர்’ என்றுதான் சொல்கிறோம். சில இடங்களில் வெறும் ‘ஐயர்’ என்றே எழுதுகிறோம். முன்னெழுத்துகளால் தனிப்பெயர் முழுவதும் சுருங்கிவிட்டபோது, அழைப்பதற்கு ஒரு முழுச்சொல் தேவைப்பட்டது. ‘ஐயர்’ அந்த இடத்தை நிரப்பியது. ஆனால் அவருக்கு முந்திய உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதையரைத் தமிழ் என்ன செய்தது? ‘உ.வே.சா.’ என்றது. ஊர், தந்தை, தன்பெயர் மூன்றும் உள்ளே வந்துவிட்டன, ஐயர் தேவைப்படவில்லை. என் பாட்டி வீட்டு உருளியில் இருப்பதும் இதே முறைதான்.

வம்சமாக வருவது எந்த எழுத்து?

கல்பாத்தியிலும் சுற்றியுள்ள அக்ரகாரங்களிலும் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் கேட்பது “எந்த க்ராமம்?” என்பதே. இங்கே அக்ரகாரத்துக்குப் பேச்சுவழக்கில் கிராமம் என்றுதான் பெயர். நகரத்தின் நடுவில் இருந்தாலும் கிராமமே. பதில் ‘புதுக் கல்பாத்தி’, ‘நூரணி’, ‘திருநெல்லாயி’ என்று வரும். அதற்குப் பிறகுதான் “யாரோட பிள்ளை?” என்ற கேள்வி. பெயர் கடைசியில். கேள்விகள் வரும் இந்த வரிசைதான் முன்னெழுத்துகள் நிற்கும் வரிசையும்.

இதை ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையில் கண்ணால் பார்க்கலாம். மேலே சொன்ன மானிடவியலாளர் எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் 1861-இல் பாலக்காட்டு லட்சுமிநாராயணபுரம் கிராமத்தில் பிறந்தவர். அவருடைய ‘எல்’ அந்தக் கிராமம். திருவிதாங்கூரின் பழங்குடிகளைப் பற்றி எழுதிய அவர் மகன் எல்.ஏ. கிருஷ்ண ஐயர். பேரன் எல்.கே. பாலரத்னம். இரண்டாம் எழுத்து தலைமுறைதோறும் தந்தைக்கேற்ப மாறுகிறது. ‘எல்’ மாறவில்லை. பேரனின் பெயரில் ‘ஐயர்’ கழன்றுவிட்டது, கிராமம் கழலவில்லை.

தேர்தல் ஆணையராக நாடறிந்த டி.என். சேஷனின் (1932–2019) ‘டி’ திருநெல்லாயி. அவரை உலகம் சேஷன் என்றழைத்தது. ஆங்கிலக் கணக்கில் அது கடைசிப் பெயர். அவர் வீட்டுக் கணக்கில் அது அவருக்கு மட்டுமே உரிய தன்பெயர். மிருதங்க மேதை மணி ஐயரோ (1912–1981) ‘பாலக்காடு மணி ஐயர்’. கச்சேரி ரசிகர்கள் ‘பாலக்காட்டு மணி’ என்று சொல்லும்போது அந்த ஊர்ப்பெயர் குடும்பப் பெயரின் வேலையை முழுமையாகச் செய்கிறது. மணிகள் பலர், பாலக்காட்டு மணி ஒருவரே.

ஆக, இந்தச் சமூகத்தின் பெயரமைப்பில் தந்தையிடமிருந்து மகனுக்கு மாறாமல் இறங்குவன இரண்டு: முன்னால் நிற்கும் ஊர், பின்னால் நிற்கும் சாதி. முன்னது குடும்பத்தைக் காட்டும். பின்னது பல்லாயிரம் குடும்பங்களை ஒன்றாகக் கட்டிவிடும். ஆங்கிலம் கேட்பது குடும்பத்தை என்றால், விடை முன்னால் இருக்கிறது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப்பின்னொட்டைத் துறக்கச் சொன்னபோது தமிழ்நாட்டில் பெயர் குலைந்துபோகவில்லை என்பதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். முன்னெழுத்துகள் அடையாளத்தைத் தாங்கிக்கொண்டன.

ஊர்ப்பெயரைக் குடும்பப் பெயராக்கியது நாம் மட்டும் அல்ல. ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலோருக்குத் தந்தை பெயர்தான் கடைசிப் பெயர். அங்கே ஹல்டோர் குட்யோன்சன் என்று பிறந்த எழுத்தாளர், தாம் வளர்ந்த லக்ஸ்னெஸ் பண்ணையின் பெயரைச் சூடிக்கொண்டார். 1955-இல் நோபல் பரிசு பெற்றபோது உலகம் அறிந்த பெயர் ஹல்டோர் லக்ஸ்னெஸ். அந்த ஊர்ப்பெயர் கடைசியில் நின்றதால் ஆங்கிலத்துக்குச் சிக்கல் எழவில்லை. உள்ளூர் முன்னால் நின்றதுதான் வேறுபாடு.

‘ஊர்’ எப்படி ‘ஓர்’ ஆகிறது?

இனி ஒலி. ‘உள்ளூர்’ என்ற சொல் தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றே. இரண்டு எழுத்துமுறையிலும் எந்த ஒலியும் நழுவுவதில்லை. கல்பாத்தியில் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் படிக்கும் பிள்ளைக்கு இது ஒரு தடங்கலும் இல்லாத பெயர். ஆங்கிலத்தில் மட்டும் அது மூன்று இடங்களில் இடறுகிறது.

முதல் இடறல் உகரம். ‘யு’ என்ற எழுத்தில் தொடங்கும் சொல்லை ஆங்கில வாசகர் ‘அம்ப்ரெல்லா’ போல அகரமாகவோ ‘யூனிட்’ போல யூகாரமாகவோ படிக்கப் பழகியவர். இரண்டாவது ளகரம். அந்த நாநுனி வளைவு ஆங்கிலத்தில் இல்லை. இரட்டை ‘எல்’ எழுதினாலும் அது அழுத்தத்தைத் தருவதில்லை. ஆங்கிலத்தில் ஒரே எல்லாகவே ஒலிக்கும். மூன்றாவது கடைசி அசை. ‘ஓ-ஓ-ஆர்’ என்று எழுதினால் ஊகாரம் வரும் என்று நம்பித்தான் எழுதினார்கள். ஆனால் அதே எழுத்துகளில் முடியும் டோர், ஃப்ளோர் ஆகிய சொற்களில் ஆங்கிலேயர் நாவில் வருவது ஓகாரம். அதனால் இப்பெயரை அறியாத ஒருவர் படித்தால் ‘அலோர்’ என்று வந்தால் வியப்பில்லை. ‘யு-ஆர்’ என்று முடித்தாலும் தப்பவில்லை. ‘ஃபர்’ போல ‘அலர்’ ஆகும்.

இந்த ஊர்–ஓர் மாற்றம் பழையது. வேலூர், நெல்லூர், தஞ்சாவூர், கோயம்புத்தூர் ஆகிய ஊர்களின் ஆங்கில வடிவங்கள் எல்லாம் ‘ஓ-ஆர்-இ’ என்றே முடிகின்றன. கும்பினிக் காலத்து எழுத்தர்கள் காதில் விழுந்ததை அப்படிப் பதிந்தார்கள். 2020-இல் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்ற ஆணையிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். வேலூரின் ‘ஓர்’ அதில் ‘ஊர்’ ஆகியிருந்தது. எழுத்தை மாற்றினால் ஒலி திருந்தும் என்ற நம்பிக்கை அந்த ஆணையின் அடியில் இருந்தது. உள்ளூரின் பெயர் அந்த நம்பிக்கையின் எல்லையைக் காட்டுகிறது. திருத்தமான ‘ஓ-ஓ’ போட்டும் ஒலி கைக்கு வரவில்லை.

இதே வால் இன்னொரு கவிஞரின் பெயரிலும் ஒட்டியிருக்கிறது. வங்காளத்து ‘டாக்குர்’ என்ற மரியாதைச் சொல் ஆங்கிலத்தில் ‘ஓ-ஆர்-இ’ என்று முடிந்து ‘டகோர்’ ஆயிற்று. மலையாளம் அந்த ஆங்கில வடிவத்தை அப்படியே ஏற்று ‘டாகோர்’ என்றது. தமிழ் ‘தாகூர்’ என்றது. கடைசி அசையில் தமிழ் வங்காளத்துக்கு நெருக்கம். முதல் எழுத்திலோ விலகல், ஏனென்றால் டகரம் மொழிமுதலில் வராது என்பது தமிழ் இலக்கணம். கல்பாத்தித் தெருவில் ஒரே வீட்டில் மலையாளப் பாடநூலில் ‘டாகோர்’, தமிழ் வார இதழில் ‘தாகூர்’. இரண்டும் ஒருவரே என்று சின்ன வயதில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு வெவ்வேறு தாடிக்காரர்கள் என்றே சில காலம் எண்ணியிருந்தேன்.

கல்பாத்திக்கும் இந்தத் தொல்லை உண்டு. தெற்கே தகரத்துக்கு ‘டி-எச்’ எழுதுவது வழக்கம். வடக்கே வெறும் ‘டி’ போதும். ‘பாத்தி’ என்பதன் நெடிலும் தகர அழுத்தமும் ஆங்கில எழுத்தில் தெரிவதில்லை. ‘சிம்பதி’ என்ற சொல்லின் வாலைப் போலவே எழுத்துகள் அமைந்திருப்பதால் வெளியூர்க்காரர் ‘கல்பதி’ என்கிறார். பாலக்காட்டின் ஆங்கில வடிவமோ, கணவாயைக் குறிக்கும் ‘காட்’ என்ற சொல்லோடு கலந்து நெடுங்காலம் நின்றது. 1990-ஐ ஒட்டித்தான் அரசு அதை மாற்றியது. மணி ஐயரின் பெயரில் மட்டும் பழைய வடிவம் இசைத்தட்டு உறைகளில் அப்படியே தங்கிவிட்டது. ஊர் திருந்தினாலும் ஊரால் அறியப்பட்ட மனிதர் திருந்துவதில்லை.

நூலகத் தட்டில் எங்கே வைப்பது?

இது வெறும் உச்சரிப்பு வழக்கு என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஒரு நூலைத் தேடிக் கண்டெடுக்க முடியுமா என்பதே இதில் இருக்கிறது. இதை நேரடியாகச் சந்தித்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் (1892–1972). அவருடைய ‘எஸ்’ அந்த ஊரின் ஆங்கில வடிவமான ‘ஷியாழி’. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற அவர், 1934-இல் முதற்பதிப்பு வெளிவந்த தம் நூற்பட்டி விதித்தொகுப்பில் தென்னிந்தியப் பெயர்களுக்குத் தனி விதி வகுத்தார். கடைசிச் சொல் சாதியையோ சமூகத்தையோ மட்டும் குறிப்பதாக இருந்து, அதற்கு முந்திய சொல் முழுமையாகத் தரப்பட்டிருந்தால், அவ்விரண்டையும் இயல்பான வரிசையிலேயே முதலில் எழுத வேண்டும். முன்னெழுத்துகள் பின்னால் வரும். அதன்படி நம் கவிஞர் ‘பரமேசுவர ஐயர் (உள்ளூர் எஸ்)’ ஆவார்.

‘ஐயர்’ என்ற தலைப்பின் கீழ் நூற்றுக்கணக்கானவர்களைக் குவித்துவிடும் அபாயத்தை இந்த விதி நீக்கியது. சாதிச்சொல் குடும்பப் பெயர் அன்று என்பதை ஒரு தமிழர் அறிவியல் விதியாகவே எழுதிவைத்தார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனாலும் உள்ளூர் விஷயத்தில் விதி பாதி வழியில் நின்றுவிடுகிறது. வாசகர் தேடிவருவது ‘ப’வில் அல்ல, ‘உ’வில். முன்னெழுத்தாகச் சுருங்காமல் முழுச்சொல்லாகவே வழங்கும் ஊர்ப்பெயர், அடைப்புக்குறிக்குள் ஒதுங்க வேண்டிய துணைச்செய்தி அன்று. அது தலைப்புச் சொல்.

ஆங்கிலக் கட்டுரைகளில் இரண்டாம் முறை குறிப்பிடும்போது ‘ஐயர்’ என்று எழுதுவதை விட்டு ‘உள்ளூர்’ என்று எழுத வேண்டும் என்பது என் துணிபு. ஆசானையும் வள்ளத்தோளையும் ஆங்கிலத்தில் எழுதுவோர் பெரும்பாலும் அப்படியே செய்கிறார்கள். மூவரில் ஒருவருக்கு மட்டும் வேறு அளவுகோல் எதற்கு? எழுத்துக்கூட்டலைப் பொறுத்தவரை, வழக்கில் இருக்கும் ‘ஓ-ஓ’ வடிவத்தையே வைத்துக்கொள்ளலாம். கவிஞரின் பெயர் நூல்களிலும் சாலைப் பலகைகளிலும் அப்படியே நிலைத்துவிட்டது. புதிதாக ஒன்றைப் புகுத்தினால் தேடுவோருக்கு இன்னொரு சிதறல்தான் மிஞ்சும். ஒலியை எழுத்து காப்பாற்றாது. சொல்லிக்கொடுக்கும் வாய்தான் காப்பாற்றும். முதல் அசையில் உகரம், நடுவில் நாக்கை மடித்து அழுத்திச் சொல்லும் ளகரம், கடைசியில் நீட்டிச் சொல்லும் ஊர்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அந்த ஆய்வாளரிடம் கல்பாத்திப் பெரியவர் இதைத்தான் சொன்னார். “உள்ளூர்னு சொல்லுங்கோ சார். உங்க ஊர்லயும் அந்த வார்த்தை இருக்கும்.” ஆய்வாளர் தமிழர் அல்லர். நின்று, மூன்று முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது முறை ளகரம் வந்தது.